வெளியீட்டுத் திட்டத்துக்கு முன் புதிய வசதிகளை ஏஐ கொண்டு மதிப்பிடுதல்: மதிப்பெண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்?

வெண்பலகை (கேள்வி)

வணக்கம். கிளினிக்குகளும் மருத்துவமனைகளும் பயன்படுத்தும் சந்திப்பு முன்பதிவு மென்பொருள் ஒன்றுக்குத் தயாரிப்பு மேலாளராக இருக்கிறேன். காலாண்டுக்கு ஒரு பெரிய வெளியீடு என்பது எங்கள் நடைமுறை. விற்பனைப் பிரிவு, சப்போர்ட் பிரிவு, வாடிக்கையாளர்கள், நிரலாளர்கள் எனப் பல பக்கங்களிலிருந்தும் யோசனைகள் வந்து குவிகின்றன. அவற்றுள் எவற்றை இந்த வெளியீட்டில் எடுத்துக்கொள்வது, எவற்றைத் தள்ளிவைப்பது என்பதை ஒவ்வொரு காலாண்டின் தொடக்கத்திலும் முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது.

இதுவரை ரைஸ் முறையைப் பின்பற்றி வந்தோம். ஒரு வசதி எத்தனை பேரைச் சென்றடையும், அவர்களுக்கு எவ்வளவு பயன் தரும், அந்தக் கணிப்பில் நமக்கு எவ்வளவு உறுதி இருக்கிறது என்ற மூன்றையும் பெருக்கி, அதைச் செய்து முடிக்கத் தேவைப்படும் உழைப்பால் வகுக்கும் முறை அது. இந்த நான்கு கட்டங்களை நிரப்புவதற்கே கூட்டங்கள் நீண்டுகொண்டு போனதால், அண்மைக் காலமாக ஓர் ஏஐ உரையாடல் கருவியிடம் பட்டியலை முழுவதுமாகக் கொடுத்து, ஒவ்வொரு யோசனைக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடச் சொல்கிறோம். சில நிமிடங்களில் அட்டவணை வந்துவிடுகிறது. ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஏற்கத்தக்க விளக்கமும் உடன் வருகிறது. நிர்வாகத்துக்கும் அது பிடித்திருக்கிறது.

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. ஒருவர் தம் சந்திப்பை ரத்து செய்தால், காலியான அந்த நேரத்தைக் காத்திருப்போர் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குத் தானாகவே வழங்கும் வசதி ஒன்றை எங்கள் விற்பனைப் பிரிவு முன்மொழிந்திருக்கிறது. பட்டியலின் தொடக்கத்தில் வைத்துக் கொடுத்தபோது அது 8 பெற்றது; அதே பட்டியலை வரிசை மாற்றிக் கொடுத்தபோது 6 பெற்றது. இரண்டு விளக்கங்களும் ஒரே அளவு உறுதியான தொனியில் எழுதப்பட்டிருந்தன. இந்த மதிப்பெண்ணை வைத்து வெளியீட்டுத் திட்டம் போடுவது சரிதானா? சரியில்லை என்றால், இந்த வேலையில் ஏஐயை எந்த இடத்தில் நிறுத்துவது? அனுபவம் உள்ளவர்கள் வழி காட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தரவுநோக்கி (பதில்)

நீங்கள் கவனித்த மாற்றம் தற்செயலானது அன்று. மொழி மாதிரிகளை, அதாவது இத்தகைய உரையாடல் கருவிகளை இயக்கும் ஏஐ மென்பொருள்களை, நடுவராக அமர்த்தினால் என்ன ஆகும் என்பதைப் பற்றி 2023இல் வெளிவந்த ஆய்வுகளிலேயே இது பதிவாகியிருக்கிறது. இரண்டு பதில்களில் எது முன்னால் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு சாய்வதும், நீளமாக எழுதப்பட்டதற்குக் கூடுதல் மதிப்பு கிடைப்பதும் அந்த ஆய்வுகளில் தெளிவாகவே காணப்பட்டன. இந்த இரண்டாவது சாய்வுதான் நம் வேலைக்குப் பெரிய கேடு. நீங்களே சோதித்துப் பாருங்கள்: அந்தக் காத்திருப்போர் பட்டியல் வசதியை இரண்டே வரியில், விற்பனைப் பிரிவின் மின்னஞ்சலில் இருந்தபடியே எழுதி ஒருமுறை கொடுங்கள். பிறகு அதையே பயன்கள், வாடிக்கையாளர் மகிழ்ச்சி, வருவாய் வாய்ப்பு என்றெல்லாம் விரித்து ஒரு பத்தியாக எழுதி, வேறொரு புதிய உரையாடலில் கொடுங்கள். யோசனை ஒன்றுதான், சான்றும் கூடவில்லை. ஆயினும் மதிப்பெண் ஏறினால், நீங்கள் இதுவரை அளந்துகொண்டிருந்தது யோசனையின் தரத்தை அன்று, அதை எழுதியவரின் எழுத்துத் திறனை என்பது தெரிந்துவிடும்.

இதற்குக் காரணம் எளிது. உங்கள் கிளினிக்குகளில் ஒரு நாளைக்கு எத்தனை சந்திப்புகள் ரத்தாகின்றன என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. தெரியாததைக் கேட்டாலும் அது மறுப்பதில்லை. இதுபோன்ற மென்பொருள்களைப் பற்றிப் பொதுவாக எழுதப்பட்டவற்றிலிருந்து நம்பத்தகுந்த ஒரு எண்ணை உருவாக்கித் தருகிறது. இதோடு, கேட்பவர் எதை விரும்புகிறாரோ அதை ஆமோதிக்கும் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியில் பயன்பட்ட தன் ஜிபிடி-4ஓ மாதிரிக்கு வெளியிட்ட ஒரு புதுப்பிப்பை, அது பயனர்களை அளவு மீறி ஆமோதித்துப் புகழ்கிறது என்ற காரணத்தால் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அந்தக் குறிப்பிட்ட புதுப்பிப்பு போய்விட்டாலும் இயல்பு முழுவதுமாகப் போய்விடவில்லை. "இந்த நல்ல யோசனையை மதிப்பிடு" என்று கேட்பதற்கும், "இந்த யோசனையைக் கைவிடலாமா என்று பார்க்கிறோம், மதிப்பிடு" என்று கேட்பதற்கும் வரும் விடைகளை அருகருகே வைத்துப் பாருங்கள்.

எனவே என் கருத்து இது: ஏஐயிடம் மதிப்பெண் கேட்காதீர்கள். அந்த யோசனை பயன் தர வேண்டுமானால் என்னென்ன உண்மையாக இருக்க வேண்டும் என்று கேளுங்கள். அங்கேதான் அது உண்மையாகவே நம்மைவிட வேகமாகவும் சலிப்பில்லாமலும் உழைக்கிறது.

உங்கள் எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். காத்திருப்போர் பட்டியல் வசதி பயன்பட வேண்டுமானால், முதலில் ரத்துகள் போதுமான எண்ணிக்கையில் நடக்க வேண்டும். நடந்தாலும் அவை சந்திப்புக்குப் போதிய நேரம் முன்னதாக நடக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு முன்பு ரத்தாகும் இடத்துக்கு யாரும் வந்து சேர முடியாது. அதே மருத்துவரை இன்னும் சீக்கிரமாகப் பார்க்க விரும்பிக் காத்திருப்பவர்கள் இருக்க வேண்டும். வரவேற்பாளர் ஏற்கெனவே தொலைபேசியில் அழைத்து அந்த இடங்களை நிரப்பிக்கொண்டிருக்கக் கூடாது. இவை எல்லாம் இருந்தாலும், அந்த இடைவெளி நிரப்பப்படுவதை மருத்துவர் விரும்ப வேண்டும். பின்தங்கிப்போன சந்திப்புகளை ஈடுகட்ட அந்த இடைவெளியைத்தான் பலரும் நம்பியிருப்பார்கள். கடைசியாகச் சொன்னது போன்ற ஒன்று நம் கூட்டங்களில் எளிதில் எழுவதில்லை. ஏஐயிடம் "இந்த வசதியை வாங்கிய பிறகு அணைத்துவைக்கும் கிளினிக் எந்தக் காரணத்தால் அப்படிச் செய்யும்?" என்று கேட்டால் பெரும்பாலும் எழுகிறது.

இப்போது இந்த ஐந்தில் முதல் இரண்டுக்கும் விடை உங்கள் தரவுத்தளத்திலேயே இருக்கிறது. ரத்து செய்யப்பட்ட நேரத்துக்கும் சந்திப்பு நேரத்துக்கும் உள்ள இடைவெளியை எடுத்து, இரண்டு மணி நேரத்துக்குள், ஒரு நாளுக்குள், அதற்கு மேல் என்று பிரித்துப் பாருங்கள். அதற்கான எஸ்கியூஎல் வினவலை (தரவுத்தளத்திலிருந்து விவரம் எடுக்கும் கட்டளையை) எழுதவும் ஏஐ உதவும். ஆனால் எண் உங்கள் தரவிலிருந்து வர வேண்டும். பெரும்பாலான ரத்துகள் கடைசி இரண்டு மணி நேரத்தில் நடக்கின்றன என்று தெரியவந்தால், எட்டா ஆறா என்ற விவாதத்துக்கே இடமில்லை. ஒரு நாள் முன்னதாகவே உறுதிப்படுத்தச் சொல்லும் நினைவூட்டல்தான் முதலில் வர வேண்டும், காத்திருப்போர் பட்டியல் அதற்குப் பிறகுதான். மற்ற மூன்றுக்கும் நான்கைந்து வரவேற்பாளர்களிடம் பேசினால் போதும்.

ரைஸ் முறையைக் கைவிடச் சொல்லவில்லை. இன்டர்காம் நிறுவனத்தில் உருவான அந்த முறையில், பயனை 3, 2, 1, 0.5, 0.25 என்ற ஐந்து படிகளிலும் உறுதியை 100, 80, 50 சதவீதம் என்ற மூன்று படிகளிலும் மட்டும் குறிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: தெரியாத இடத்தில் துல்லியமாகத் தெரிந்தது போல எழுதிவிடக் கூடாது என்பதுதான். 7.4 என்று ஏஐ தரும் மதிப்பெண் அந்தக் கட்டுப்பாட்டையே உடைத்துவிடுகிறது. கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் யோசனை காலாண்டில் 500 பேரைச் சென்றடையும், பயன் 1, உறுதி 80 சதவீதம், உழைப்பு இரண்டு ஆள்-மாதம் (ஒருவர் ஒரு மாதத்தில் செய்யும் வேலை ஓர் ஆள்-மாதம்), விடை 200. இரண்டாவது 2000 பேரைச் சென்றடையும், பயன் 2, உறுதி 50 சதவீதம், உழைப்பு எட்டு ஆள்-மாதம், விடை 250. இரண்டாவது முந்துகிறது. ஆனால் சென்றடைவோர் 1000 பேர்தான் என்று பிறகு தெரிந்தால் அது 125க்கு இறங்கி, முதலாவதற்கு வெகுவாகப் பின்தங்கிவிடுகிறது. ஆக, கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி "எது முதல் இடம்?" என்பதன்று, "எந்த எண் மாறினால் வரிசை புரளும், அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தோம்?" என்பதுதான். அட்டவணையைக் கொடுத்து, வரிசையைப் புரட்டக்கூடிய எண்களை மட்டும் சுட்டிக்காட்டச் சொன்னால் ஏஐ அதை நன்றாகவே செய்கிறது. கணக்கை மட்டும் எக்செல் தாளிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நிரல்கூடம் (பதில்)

தரவுநோக்கி அவர்கள் சொன்னவற்றோடு உடன்படுகிறேன். அவர் தொடாத உழைப்புக் கட்டத்தைப் பற்றி, நிரலெழுதும் பக்கத்திலிருந்து சில சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் வெளியீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் உடைவது அங்கேதான்.

ஒரு வசதிக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று ஏஐயிடம் கேட்டால், வெற்றுத் தாளில் புதிதாகத் தொடங்கும் திட்டத்துக்குரிய கால அளவையே அது சொல்லும். உங்கள் பழைய நிரலில் சந்திப்பு நேரம் எத்தனை இடங்களில் எழுதப்படுகிறது, எந்தப் பகுதியைத் தொட ஆளில்லை, மொபைல் செயலியின் பழைய பதிப்பை இன்னும் எத்தனை கிளினிக்குகள் வைத்திருக்கின்றன என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நிரல் களஞ்சியத்தையே படிக்கும் கருவிகள் இன்று இருக்கின்றன. அவை தொட வேண்டிய கோப்புகளை ஓரளவு சரியாகக் காட்டிவிடும். ஆனால் உழைப்பில் பெரும் பகுதி கோப்புகளில் இருப்பதில்லை. பழைய தரவை மாற்றியமைப்பது, யாருக்கு எந்த அனுமதி என்று வகுப்பது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே இடத்தை ஏற்றுக்கொண்டால் என்ன செய்வது, குறுஞ்செய்தி போய்ச் சேராவிட்டால் அந்த இடம் யாருக்கு, சப்போர்ட் பிரிவுக்கு எப்போது பயிற்சி, பிரச்சினை வந்தால் வசதியை மட்டும் அணைக்க வழி உண்டா என்பவைதான் கால அளவைத் தீர்மானிக்கின்றன.

ஆகையால் எங்கள் அணியில் ஏஐயிடம் கால அளவு கேட்பதில்லை. விடுபட்ட வேலைகளின் பட்டியலைக் கேட்கிறோம். இதில் ஒரு வரிசைமுறை முக்கியம். முதலில் நிரலாளர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே தம் மதிப்பீட்டை எழுதிவைக்கிறார்கள். அதன் பிறகுதான் ஏஐ தந்த பட்டியல் திறக்கப்படுகிறது. பிளானிங் போக்கர் என்பது அணியினர் தம் மதிப்பீட்டைச் சீட்டில் குறித்துக் காட்டும் முறை; அதில் எல்லோரும் ஒரே நேரத்தில் சீட்டைக் காட்ட வேண்டும் என்று விதி இருப்பதன் நோக்கமும் இதுதான்: முதலில் சொல்லப்பட்ட எண் மற்றவர்களின் எண்ணத்தை இழுத்துக்கொண்டுவிடுகிறது. "மூன்று வாரம்" என்று திரையில் ஏற்கெனவே எழுதியிருந்தால், எட்டு வாரம் என்று நினைக்கும் இளைய நிரலாளர் வாய் திறக்கத் தயங்குவார்.

இன்னொன்று. நீங்கள் மருத்துவத் துறையில் இருக்கிறீர்கள். சப்போர்ட் டிக்கெட்டுகளை (வாடிக்கையாளர்கள் உதவி கேட்டு அனுப்பும் பதிவுகளை) ஏஐயிடம் கொடுக்கும் முன் நோயாளிகளின் பெயர், தொலைபேசி எண், நோய் விவரம் அனைத்தையும் நீக்கிவிடுங்கள். அந்தக் கருவியை வழங்கும் நிறுவனம் உள்ளீடுகளைப் பயிற்சிக்குப் பயன்படுத்துமா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இதில் சமரசமே கூடாது.

புதுமுளை (பதில்)

மேலே உள்ள இருவரும் தரவு கையில் இருக்கிறது என்ற அடிப்படையில் பேசுகிறார்கள். எங்களைப் போன்ற மூன்று பேர் அணிக்கு, இன்னும் வெளிவராத தயாரிப்புக்கு, எந்தத் தரவும் இல்லை. அந்த நிலையில் ஏஐ தரும் மதிப்பெண் சரியானதாக இல்லாவிட்டாலும், நீண்ட பட்டியலில் வெளிப்படையாக வலுவற்றவற்றைக் கழிக்கவாவது பயன்படுகிறது என்பது என் அனுபவம். மேலும், "நீ ஒரு சிறு கிளினிக்கின் வரவேற்பாளர்" என்று பாத்திரம் கொடுத்துப் பேசவைத்தால், பேட்டி எடுத்ததற்கு இணையான கருத்துகள் கிடைக்கின்றன. இதை முற்றிலுமாக ஒதுக்குவது நியாயமா?

தரவுநோக்கி (பதில்)

புதுமுளை அவர்களின் முதல் கருத்தில் ஒரு பகுதியை ஏற்கிறேன். ஒரே யோசனை வெவ்வேறு சொற்களில் பலமுறை வந்திருந்தால் அவற்றை ஒன்றாகச் சேர்ப்பதற்கும், உங்கள் தயாரிப்போடு தொடர்பே இல்லாதவற்றைப் பிரித்துவைப்பதற்கும் ஏஐ நல்ல துணை. ஒரு எச்சரிக்கை மட்டும்: நூற்றுக்கணக்கானவற்றை ஒரே பிராம்ப்ட்டில் (ஏஐக்குக் கொடுக்கும் உள்ளீட்டில்) ஒட்டாதீர்கள். நீண்ட உள்ளீட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ளவற்றை நன்றாகப் பயன்படுத்தி, நடுவில் உள்ளவற்றை மாதிரிகள் தவறவிடுவது 2023இலேயே ஆய்வில் காட்டப்பட்டிருக்கிறது. இன்றைய மாதிரிகள் மேம்பட்டிருந்தாலும், சிறு சிறு தொகுதிகளாகக் கொடுத்துச் சரிபார்ப்பதே பாதுகாப்பானது.

கழிப்பதற்கு மதிப்பெண்ணைப் பயன்படுத்துவதில்தான் எனக்குத் தயக்கம். மைக்ரோசாஃப்ட்டின் பிங் தேடுபொறியில், விளம்பரத்தின் தலைப்பு காட்டப்படும் விதத்தில் ஒரு சிறு மாற்றம் செய்யலாம் என்று பணியாளர் ஒருவர் யோசனை சொன்னார். அது முக்கியமற்றது என்று கருதப்பட்டு ஆறு மாதங்களுக்கு மேல் கிடப்பில் கிடந்தது. செய்வதற்கு அதிக உழைப்பு தேவையில்லை என்பதைக் கண்ட ஒரு பொறியாளர் 2012இல் அதை ஏ/பி சோதனையில் (பயனர்களில் ஒரு பிரிவினருக்குப் பழையதையும் மறு பிரிவினருக்குப் புதியதையும் காட்டி ஒப்பிடும் சோதனையில்) இட்டபோது, வருவாய் 12 சதவீதம் உயர்ந்தது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு பத்து கோடி டாலருக்கு மேல். அதே நிறுவனத்தின் சோதனைக் குழு வெளியிட்ட இன்னொரு கணக்கையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்: நன்கு யோசித்துச் சோதனைக்கு அனுப்பப்பட்டவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் எதிர்பார்த்த முன்னேற்றத்தைத் தந்தது; ஒரு பங்கு எந்த மாற்றமும் தரவில்லை; மீதி நிலைமையை மோசமாக்கியது. துறையில் ஊறியவர்களின் கணிப்பே இப்படி இருக்கும்போது, உங்கள் பயனரைப் பார்த்திராத ஒரு கருவியின் கணிப்பை வைத்து எதையும் புதைத்துவிட எனக்கு மனம் வரவில்லை. செலவு குறைவானதாக இருந்தால் விவாதிக்காமல் சோதித்துவிடுங்கள். மதிப்பீட்டுக்கான நேரத்தைச் செலவு மிகுந்தவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரமேற்கும் பேட்டி பற்றி: அதிலிருந்து கிடைப்பவற்றைக் கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள், விடைகளாக அன்று. ஜப்பானியப் பேராசிரியர் நோரியாக்கி கானோ 1984இல் முன்வைத்த முறையில், ஒரு வசதி இருந்தால் எப்படி உணர்வீர்கள், இல்லாவிட்டால் எப்படி உணர்வீர்கள் என்ற இரண்டு கேள்விகள் உண்டு. அந்த இரண்டையும் உங்கள் துறைக்கேற்றபடி தெளிவாக எழுதித்தர ஏஐயால் முடியும். ஆனால் இல்லாவிட்டால் எரிச்சல்படுவது உண்மையான மனிதராக இருக்க வேண்டும். பாத்திரமேற்ற ஏஐ வரவேற்பாளர் பொறுமையாக, முழு வாக்கியங்களில், நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். உண்மையான வரவேற்பாளர் பேச்சின் நடுவே தொலைபேசியை எடுப்பார், மேசைமேல் உள்ள நோட்டுப்புத்தகத்தில் எதையோ குறித்துக்கொள்வார். மென்பொருளில் இல்லாத அந்தக் குறிப்பு எதற்கு என்று கேட்டால், உங்கள் பட்டியலிலேயே இல்லாத வசதி ஒன்று கிடைக்கும். மூன்று பேர் அணிக்கும் ஐந்து பேரைச் சந்திப்பது இயலாததன்று.

வெண்பலகை (தொடர் கேள்வி)

அனைவருக்கும் நன்றி. ரத்து நேரங்களைத் தரவுத்தளத்திலிருந்து எடுக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் பட்டியலில் சில யோசனைகள் உயர் நிர்வாகத்திலிருந்து வருபவை. மதிப்பெண் அட்டவணை இருந்தபோது, "கருவி இதற்கு 4தான் கொடுத்திருக்கிறது" என்று சொல்லித் தள்ளிவைக்க முடிந்தது. அதை எடுத்துவிட்டால், அத்தகைய யோசனைகள் எந்தக் கேள்வியும் இல்லாமல் வெளியீட்டில் ஏறிக்கொள்ளும் என்று அஞ்சுகிறேன்.

நிரல்கூடம் (பதில்)

உங்கள் அச்சம் புரிகிறது. ஆனால் நாளை அதே கருவி அவர்களின் யோசனைக்கு 9 கொடுத்தால், மறுத்துப் பேச உங்களிடம் எதுவும் இருக்காது. சற்றே நன்றாக எழுதிக் கொடுத்தால் 9 கிடைத்துவிடும் என்பதை அவர்களும் விரைவில் கண்டுகொள்வார்கள்.

இரண்டு வழிகள் எங்களுக்குப் பயன்பட்டிருக்கின்றன. ஒன்று, எல்லா யோசனைகளையும் ஒரே படிவத்துக்குக் கொண்டுவருவது: யாருக்கு என்ன சிரமம், அது இருக்கிறது என்பதற்கு என்ன சான்று, இன்று அதை எப்படிச் சமாளிக்கிறார்கள், எது நடந்தால் இந்த யோசனையைக் கைவிடுவோம். முன்மொழிந்தவரின் பெயர் படிவத்தில் இடம்பெறாது. மின்னஞ்சலாகவோ பேச்சாகவோ வந்ததை இந்த நான்கு கட்டங்களில் சுருக்கும் வேலையை ஏஐயிடம் கொடுக்கலாம். சான்று இல்லாத இடத்தை நிரப்பாமல் "சான்று இல்லை" என்றே எழுத வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். தலைமை நிர்வாகியின் யோசனைக்கு எதிரே அந்த இரண்டு சொற்கள் நிற்கும்போது, நீங்கள் மறுக்க வேண்டியதில்லை. சான்றைத் தேடித் தருகிறோம் என்று சொன்னால் போதும். அப்படிச் சொன்ன பெரும்பாலான வேளைகளில் அவர்களே இரண்டு வாரம் பொறுக்கச் சம்மதித்திருக்கிறார்கள்.

மற்றொன்று, உளவியலாளர் கேரி கிளைன் 2007இல் எழுதிப் பரவலான பிரீமார்ட்டம் பயிற்சி. வெளியீடு முடிந்து ஆறு மாதம் ஆகிவிட்டது, இந்த வசதி படுதோல்வி அடைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டும். நிர்வாகியும் எழுத வேண்டும் என்பதுதான் இதன் பலம்; தம் யோசனையின் குறையைத் தாமே சொல்ல அது மரியாதையான வழியாக அமைகிறது. எல்லோரும் எழுதிய பிறகு, யாரும் சொல்லாத காரணங்கள் உண்டா என்று ஏஐயிடம் கேளுங்கள். தொடங்கும்போதே கேட்டுவிட்டால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

வெளியீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு வசதிக்கும், எந்த எண் எவ்வளவு மாறும் என்று எதிர்பார்க்கிறோம் என்பதை ஒரே வரியில் எழுதி, அதைத் திரும்பப் பார்க்கும் தேதியை வெளியீட்டுத் தேதியோடு சேர்த்தே நாட்காட்டியில் போட்டுவிடுங்கள். சில வெளியீடுகளுக்குப் பிறகு, 80 சதவீத உறுதி என்று நீங்கள் குறித்தவற்றில் எத்தனை நிறைவேறின என்று பார்த்தால், அடுத்த ரைஸ் அட்டவணையின் உறுதிக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதற்கு உங்கள் சொந்தத் தரவே கையில் இருக்கும்.